ஒருவரின் தரவுக்கு என்ன விலை கிடைக்கும்? பியூனஸ் அயர்ஸின் விப்சன் சந்தை: ஒரு நிகழ்வு ஆய்வு

அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரில் வளர்ந்த நிறுவனம் கிரான்டேட்டா. தொலைபேசி நிறுவனங்களிடமும் வங்கிகளிடமும் குவிந்து கிடக்கும் பதிவுகளை அலசி, வாடிக்கையாளர் அடுத்து என்ன செய்யக்கூடும் என்று கணித்துச் சொல்வது அதன் தொழில். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான மாட் திராவிசானோவும், அங்கே ஆய்வு செய்துவந்த கார்லோஸ் சர்ராத்தே முதலானோரும் சேர்ந்து உருவாக்கியதுதான் விப்சன். 2018-இல் ஆப் வடிவில் மக்கள் கைக்கு வந்தது. அதன் நோக்கத்தை எளிதாகச் சொல்லிவிடலாம். நம் தரவை நிறுவனங்கள் தங்களுக்குள் கைமாற்றிக் காசு பார்க்கின்றன. இனி அந்த நபரே தன் கைபேசியிலிருந்து, யாருக்கு விற்பது என்று தானே தீர்மானித்து விற்கட்டும். பணம் நேராக அவருக்கே போகட்டும். வரவு செலவு எத்தீரியம் பிளாக்செயினில், அதாவது பல கணினிகளில் பிரதி நிற்கும், பதிந்ததை மாற்ற முடியாத பொதுப் பதிவேட்டில், எல்லோரும் பார்க்கும்படி நிற்கட்டும்.

இதே வாக்குறுதியோடு அந்த ஆண்டுகளில் வந்தவர்கள் பலர். சுவிட்சர்லாந்தில் டேட்டம், சிங்கப்பூரில் ஓஷன் புரோட்டோகால், பின்லாந்துக்காரர்களின் ஸ்ட்ரீமர் என்று ஒரு வரிசையே உண்டு. அவற்றில் விப்சனைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2018 முதல் 2020 வரை தங்கள் சந்தை எப்படி இயங்குகிறது, எங்கே இடித்தது, அதை எப்படிச் சரிசெய்தோம் என்பதை அந்தக் குழு ஒவ்வோர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டுக்கொண்டே வந்தது. டோக்கன் (பிளாக்செயினில் புழங்கும் எண்ணிம நாணயம்) விற்றுப் பணம் திரட்டிய எத்தனையோ திட்டங்களில் விளம்பர அறிக்கையைத் தாண்டி எதுவும் கிடைக்காது. இங்கே படித்துப் பார்த்து மறுக்கவோ ஒப்புக்கொள்ளவோ பொருள் இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளாக்செயின் தன்னிடம் ஒப்படைத்த வேலையைச் செய்து காட்டியது. பணத்தையும் தரவையும் ஒரே நொடியில் கைமாற்றுவது, செலவைக் குறைப்பது, விற்பவரின் அடையாளத்தை மறைப்பது என எல்லாவற்றுக்கும் பொறியாளர்கள் வழி கண்டுபிடித்தார்கள். அப்படியும் விப்சன் பெரிய சந்தையாக வளர்ந்து நிலைக்கவில்லை. தனி ஒருவர் தன் தரவைத் துண்டாக எடுத்து விற்கலாம் என்ற அடிப்படை எண்ணத்திலேயே பழுது இருந்தது. அந்தப் பழுதை எந்த மறையாக்கமும் சரிசெய்யாது.

2018-இன் சூடு

அந்த ஆண்டு மார்ச்சில், ஃபேஸ்புக் பயனர்களின் தரவை அவர்கள் அறியாமல் அரசியல் பிரசாரத்துக்காகத் திரட்டிய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்தது. 8 கோடியே 70 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. மே 25-ஆம் தேதி ஐரோப்பாவில் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தன்னைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தரவின் பிரதியைக் கேட்டு வாங்கும் உரிமையும், அதை வேறிடத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமையும், அழிக்கச் சொல்லும் உரிமையும் அதில் இருந்தன. அர்ஜென்டினாவுக்கு இது புதிதல்ல. 2000-ஆம் ஆண்டிலேயே தனிநபர் தரவுச் சட்டம் இயற்றி, 2003-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அங்கீகாரமும் பெற்ற நாடு அது.

அதே நேரத்தில் ஒரு கணக்கு எல்லோர் வாயிலும் புழங்கியது. 2018-இன் கடைசிக் காலாண்டில் ஃபேஸ்புக் ஒரு பயனரிடமிருந்து ஈட்டிய சராசரி வருமானம் உலக அளவில் 7.37 டாலர். அமெரிக்கா, கனடாவில் மட்டும் 34.86 டாலர். ஆசிய-பசிபிக் பகுதியில் 2.96 டாலர். 'மூன்று மாதத்தில் என்னை வைத்து 34 டாலர் சம்பாதிக்கிறார்கள் என்றால், அதில் என் பங்கு எங்கே' என்ற கேள்வி இயல்பாகவே எழும். தரவுச் சந்தைகள் எல்லாம் இந்தக் கேள்வியின் மேல்தான் கட்டப்பட்டன. அந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு விற்பனை நடக்கும் விதம்

பியூனஸ் அயர்ஸில் வசிக்கும், 25 முதல் 40 வயதுக்குட்பட்டவர்களின் கைபேசி இருப்பிடப் பதிவுகள் ஒரு நிறுவனத்துக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு கோரிக்கையை பிளாக்செயினில் பதிகிறது. யாருடைய தரவு வேண்டும், என்ன தரவு, ஆளுக்கு எவ்வளவு விலை, எதற்குப் பயன்படுத்தப்படும் என்ற நிபந்தனைகள், தரவை அனுப்ப வேண்டிய முகவரி, மறையாக்கத்துக்கான பொதுத்திறவி (இதைக் கொண்டு யாரும் தரவைப் பூட்டலாம், திறக்க வாங்குபவரால் மட்டுமே முடியும்), தரவு உண்மை என்று சான்று சொல்ல ஏற்கத்தக்க நோட்டரிகளின் பட்டியல் ஆகியவை அதில் இருக்கும். பொதுவெளியில் நிற்கும் கோரிக்கை என்பதால், யார் எந்தத் தரவைத் தேடி அலைகிறார்கள் என்பது யாருக்கும் தெரியும். தரவு வியாபாரத்தில் இது உண்மையிலேயே புதிது. மக்களின் தரவைத் திரட்டி விற்கும் வழக்கமான டேட்டா புரோக்கர்களிடம் யார் என்ன வாங்குகிறார்கள் என்று நமக்குத் தெரிய வழியே இல்லை.

விற்பவரின் கைபேசியில் இருக்கும் ஆப் இந்தக் கோரிக்கைகளைக் கவனித்துக்கொண்டிருக்கும். தன் பயனருக்குப் பொருந்தும் ஒன்று வந்தால் அவரிடம் காட்டும். அவர் சம்மதித்தால், தரவு வாங்குபவரின் பொதுத்திறவியால் பூட்டப்பட்டு நேராக அவருக்குப் போகும். தரவு பிளாக்செயினில் ஏறுவதில்லை. இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சங்கிலியில் ஏறுவது தரவின் ஹேஷ் மட்டும்தான். அது அந்தத் தரவின் கைரேகை மாதிரி. கைரேகையை வைத்து ஆளை மறுபடி உருவாக்க முடியாது, ஆனால் ஆள் அவர்தானா என்று ஒத்துப்பார்க்கலாம். வாங்குபவர் தனக்கு வேண்டிய பதில்களைப் பொறுக்கி எடுத்து, அதற்கான டோக்கன்களை ஸ்மார்ட் ஒப்பந்தத்தில், அதாவது நிபந்தனை நிறைவேறியதும் தானே இயங்கும் பிளாக்செயின் நிரலில், பூட்டிவைக்கிறார். தரவு உண்மைதான் என்று நோட்டரி உறுதிசெய்ததும் டோக்கன் விற்பவரின் கணக்குக்கு வந்துவிடும்.

நோட்டரி ஏன் வந்தார்? பொருளியலாளர் கென்னத் ஆரோ 1962-இலேயே எழுதிய முடிச்சு ஒன்று உண்டு. தகவலைப் பார்க்காமல் அதன் மதிப்பு வாங்குபவருக்குத் தெரியாது. பார்த்துவிட்டால் காசு கொடுக்கத் தேவையே இல்லை, ஏற்கெனவே கிடைத்துவிட்டது. நெல்லையோ துணியையோ கையில் எடுத்துப் பார்த்துத் திருப்பி வைத்துவிடலாம். தரவில் அது முடியாது. அதோடு, காசு கிடைக்கும் என்றதும் போலிகள் வரத் தொடங்கும். ஒரே ஆள் பத்துக் கணக்குத் திறக்கலாம். இருப்பிடத்தை மாற்றிக் காட்டும் ஆப்கள் ஏராளம். 'நான் 30 வயது, மாதம் இவ்வளவு செலவழிக்கிறேன்' என்று யாரும் எதையும் எழுதலாம். ஆகவே உண்மைக்குச் சான்று சொல்ல ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் யாராக இருக்க முடியும்? என் கிரெடிட் கார்டு செலவு உண்மையா என்று சொல்லக்கூடியது என் வங்கி. என் இருப்பிடம் உண்மையா என்று சொல்லக்கூடியது என் தொலைபேசி நிறுவனம். அதாவது அந்தத் தரவை ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர்கள். இடைத்தரகரே வேண்டாம் என்று தொடங்கிய சந்தைக்குள், எந்த நிறுவனங்களிடமிருந்து தரவை மீட்கப் புறப்பட்டார்களோ அவையே சான்றாளர் நாற்காலியில் வந்து உட்கார வேண்டியதாயிற்று. விப்சன் குழு இதை மறைக்கவில்லை. வாங்குபவர், விற்பவர், நோட்டரி என்ற மூன்று தரப்பும் அவர்களின் எல்லாக் கட்டுரைகளிலும் வெளிப்படையாகவே இருக்கின்றன. பிளாக்செயின் எதைப் பதிகிறதோ அது மாறாமல் நிற்கும். பதியப்பட்டது உண்மையா என்று அதற்குத் தெரியாது. நேருக்கு நேர் விற்பனை என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது இந்த மூன்றாம் ஆளைத்தான்.

செலவுக் கணக்கு

முதல் பெரிய இடி காஸ் கட்டணத்தில் விழுந்தது. எத்தீரியத்தில் எதைப் பதியவும் அதன் நாணயமான ஈதரில் கட்ட வேண்டிய கட்டணம் அது; பதியும் வேலையின் அளவு காஸ் என்ற அலகில் கணக்கிடப்படும். எத்தீரியத்தில் எந்தப் பரிவர்த்தனைக்கும் குறைந்தது 21,000 காஸ் வேண்டும். டோக்கன் ஒன்றை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற சுமார் 50,000 காஸ் பிடிக்கும். காஸ் ஒன்றுக்கு 20 குவெய் (ஒரு குவெய் என்பது ஈதரின் நூறு கோடியில் ஒரு பங்கு) என்று வைத்தால் 10 லட்சம் குவெய், அதாவது 0.001 ஈதர். 2018 அக்டோபரில் ஈதர் 200 டாலர் சுற்றுவட்டாரத்தில் இருந்தது. ஆக, ஒருவருக்குக் காசு அனுப்ப மட்டும் 20 சென்ட்.

இப்போது சரக்கின் விலையைப் பாருங்கள். லண்டனின் ஃபைனான்ஷியல் டைம்ஸ் 2013-இல் அமெரிக்க டேட்டா புரோக்கர்களின் விலைப்பட்டியல்களை அலசியது. வயது, பாலினம், இருப்பிடம் போன்ற பொதுத் தகவல் ஆயிரம் பேருக்கு 50 சென்ட் என்று அது காட்டியது. ஓர் ஆளுக்கு 0.05 சென்ட். சரக்கின் விலையைப் போல 400 மடங்கு அதை ஒப்படைக்கும் செலவு! இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. காஸ் கட்ட ஈதர் வேண்டும். தன் தரவை விற்க வரும் சாதாரண மனிதர் முதலில் ஈதர் வாங்கிவைத்துக்கொண்டா வருவார்?

இதற்கு அவர்கள் கண்ட தீர்வு பேட்பே. பொறியியல் வேலையாக மட்டும் பார்த்தால், இந்த மொத்தக் கதையிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தனித்தனியாக ஆயிரம் பேருக்கு அனுப்பாமல், ஆயிரம் பேருக்கான பட்டியலை ஒரே பரிவர்த்தனையாகச் சுருக்கிப் பதிவது ஒரு பகுதி. அந்தப் பட்டியல் சரியா என்று சங்கிலியிலேயே வரி வரியாகச் சோதிப்பதைக் கைவிட்டது இன்னொரு பகுதி. அதற்குப் பதிலாக, பதிந்தவர் ஒரு பணயத் தொகையைக் கட்டிவைக்கிறார். குறிப்பிட்ட காலத்துக்குள் யாராவது 'இதில் தவறு' என்று சவால் விடலாம். விட்டால் மட்டும்தான் சரிபார்ப்பு சங்கிலிக்கு வரும். பொய்யென்று நிரூபணமானால் பணயம் போய்விடும். பெரும்பாலான நேரம் யாரும் பொய் சொல்லத் துணியமாட்டார்கள் என்பதால், கனமான கணக்கெல்லாம் சங்கிலிக்கு வெளியிலேயே முடிந்துவிடும். ஈதர் கையில் இல்லாத பயனருக்காக வேறொருவர் கட்டணம் கட்டும் வசதியும் அதிலேயே உண்டு. விநாடிக்கு 15 பரிவர்த்தனை என்ற அளவில் நகர்ந்துகொண்டிருந்த எத்தீரியத்தின் மேல் சுமார் 1,700 கொடுப்பனவுகள் சாத்தியம் என்றும், செலவு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும் என்றும் அவர்களின் கட்டுரை காட்டியது.

ஆயிரத்தில் ஒரு பங்கு! எந்தத் துறையிலும் இது பெரிய சாதனை. ஆனால் மேலே போட்ட கணக்கை மீண்டும் போட்டுப் பாருங்கள். 20 சென்ட் 0.02 சென்ட் ஆகிறது. தரவின் விலை 0.05 சென்ட். ஒப்படைக்கும் செலவு இன்னும் விலையில் ஐந்தில் இரண்டு பங்கைத் தின்கிறது, நோட்டரியின் கூலிக்கு முன்பே. ஆயிரம் மடங்கு சீர்திருத்திய பிறகும் இந்த நிலை என்றால், குறை காஸ் கட்டணத்தில் மட்டும் இல்லை.

அடுத்த சிக்கல், யார் முதலில் கையை நீட்டுவது. தரவை முதலில் கொடுத்தால் வாங்குபவர் ஏமாற்றலாம், பணத்தை முதலில் கொடுத்தால் விற்பவர் ஏமாற்றலாம். பூட்டிய தரவைத் திறக்கும் சாவியையும் பணத்தையும் ஒன்றோடொன்று பிணைத்து இதை அவிழ்த்தார்கள். பணம் விடுபட வேண்டுமானால் சாவி சங்கிலியில் வெளிப்பட்டாக வேண்டும். சாவி வெளிப்பட்ட கணத்திலேயே வாங்குபவருக்குத் தரவு திறந்துவிடும். இரண்டும் நடக்கும், அல்லது இரண்டும் நடக்காது. பிறகு வந்த விப்சன்ட்ரீ என்ற முறையில், 'நான் 25-க்கும் 40-க்கும் இடைப்பட்டவன்' என்பதை வயதைச் சொல்லாமலேயே நிரூபிக்கலாம். இதெல்லாம் வெறும் காகிதத் திட்டம் என்று ஒதுக்கிவிட முடியாத, நேர்மையான வேலை.

திறந்த பிறகு என்ன?

தரவு திறந்த பிறகு அது வாங்கியவரின் கணினியில் இருக்கும் ஒரு சாதாரணக் கோப்பு. அதை அவர் நகலெடுக்கலாம், வேறொருவருக்கு விற்கலாம், முதலில் சொன்ன நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தலாம். சங்கிலியில் எந்தத் தடயமும் விழாது. முதல் விற்பனைக்குத்தான் ரசீது உண்டு, இரண்டாவது முதல் எல்லாம் இருட்டு. கோரிக்கையில் நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறது, உண்மைதான். அதை மீறியவரை எந்த நீதிமன்றத்துக்கு இழுப்பது, 0.05 சென்ட்டுக்காக யார் இழுப்பார்?

ஓஷன் புரோட்டோகால் 2020-இல் இதற்கு வேறொரு வழியை முன்வைத்தது. தரவை வெளியே அனுப்பாமல், வாங்குபவரின் கணிப்பு நிரலைத் தரவு இருக்கும் இடத்துக்கு வரவழைத்து, விடையை மட்டும் வெளியே விடுவது. தரவுச் சந்தைகளின் வரலாற்றில் முக்கியமான திருப்பம் என்று இதைத்தான் சொல்வேன். விற்பனை என்ற எண்ணத்திலிருந்து நகர்ந்து, அனுமதியோடு பயன்படுத்த விடுவது என்ற எண்ணத்துக்கு வருகிறது. ஆனால் ஒற்றை ஆளின் தரவில் போய் ஓடி எந்த நிரலும் பயனுள்ள விடையைக் கொண்டுவராது. நிறையப் பேரின் தரவு ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும்.

விலையின் பழுது

வயர்ட் இதழின் செய்தியாளர் ஒருவர் 2018 டிசம்பரில், விப்சன், டேட்டம் உள்ளிட்ட சேவைகளில் தன் சொந்தத் தரவை விற்றுப் பார்த்து எழுதினார். எல்லாம் சேர்த்துக் கிடைத்தது ஒரு சென்ட்டைக்கூட எட்டவில்லை. பலர் இதைப் படித்துச் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடு இல்லை. சந்தை பொய் சொல்லவில்லை. ஒற்றை ஆளின் கோப்புக்கு வெளியுலகம் கொடுக்கத் தயாராக இருக்கும் விலையை அது உள்ளபடி காட்டியது.

அப்படியானால் ஃபேஸ்புக்கின் 34.86 டாலர்? அங்கேதான் நான் முன்பு சொன்ன பிழை. அந்தப் பணம் நம் கோப்பை விற்று வந்ததல்ல. நாள்தோறும் நாம் அங்கே போய்ப் பார்க்கும் திரையில் விளம்பரத்துக்கு இடம் விற்று வந்தது. அமெரிக்கருக்கு 34.86, ஆசியருக்கு 2.96 என்ற வித்தியாசம் இதையே உறுதிசெய்கிறது. தரவின் அளவோ நுணுக்கமோ பன்னிரண்டு மடங்கு மாறவில்லை, வாங்கும் சக்திதான் மாறுகிறது. நம் வயதையும் இருப்பிடத்தையும் ஒரு முறை விற்பதால் அந்த 34 டாலரில் பங்கு கிடைக்காது. அது வேறு கடை, வேறு சரக்கு.

இதைவிட ஆழமான இன்னொரு காரணம் உண்டு. பொருளியலாளர் தாரோன் ஆசெமோக்லு தன் சகாக்களோடு 2019-இல் வெளியிட்ட ஆய்வில் அது தெளிவாகக் கணிக்கப்பட்டிருக்கிறது. என் தரவு என்னைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. என்னைப் போன்றவர்களைப் பற்றியும் பேசுகிறது. என் தெருவில், என் வயதில், என் தொழிலில் இருக்கும் நூறு பேர் விற்றுவிட்டால் நான் விற்காமலேயே என்னை ஊகித்துவிடலாம். பிறகு என்னிடமிருந்து வாங்க யாரும் அதிகம் கொடுக்கத் தேவையில்லை. விற்க மறுத்தும் பயனில்லை என்று தெரிந்தால் நானும் கிடைத்த விலைக்கு விற்றுவிடுவேன். இப்படி ஒவ்வொருவரும் தனித்தனியே பேரம் பேசும் வரை விலை கீழே கீழே போகும். தனித்தனியாக விற்பதுதான் சுதந்திரம் என்று கட்டப்பட்ட சந்தை, விற்பவர்களை ஒருவருக்கு எதிராக ஒருவரை நிறுத்துகிறது.

இது ஏட்டுக் கணக்கல்ல. மரபணுச் சோதனை நிறுவனமான 23அண்ட்மீ-இல் 2023-இல் ஊடுருவியவர்கள் நேரடியாகத் திறந்தது சுமார் 14,000 கணக்குகளை. உறவினரைக் கண்டுபிடிக்கும் வசதி வழியாக அவர்கள் கைக்குப் போனது சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள். அண்ணன் தன் மரபணுத் தரவை விற்க முழுமனதோடு சம்மதிக்கலாம். தங்கையின் சம்மதத்தை எந்த ஸ்மார்ட் ஒப்பந்தம் கேட்கும்?

நைரோபியின் வரிசை

காசு கொடுத்துப் பெறும் சம்மதம் எப்படிப்பட்டது என்பதை கென்யா காட்டியது. வேர்ல்டுகாயின் என்ற கிரிப்டோ நாணயத் திட்டம் 2023 ஜூலையில் உலகெங்கும் தொடங்கப்பட்டபோது, நைரோபியின் பன்னாட்டு மாநாட்டு மையத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். பளபளக்கும் உருண்டைக் கருவி ஒன்றை உற்றுப் பார்த்துக் கருவிழியைப் பதிவுசெய்தால் டோக்கன் கிடைக்கும். அதை மாற்றினால் சுமார் 7,000 கென்ய ஷில்லிங், ஏறக்குறைய 49 டாலர். தான் தரவை வாங்கவில்லை, மனிதர்தான் என்று நிரூபிக்கும் அடையாளத்தையே உருவாக்குவதாக நிறுவனம் சொன்னது. வரிசையில் நின்றவர்களில் பலருக்கு அது பணம் கிடைக்கும் இடம், அவ்வளவே. ஆகஸ்ட் 2-ஆம் தேதி கென்ய அரசு அதை நிறுத்திவைத்தது. 2025 மே மாதம் கென்ய உயர் நீதிமன்றம், திரட்டிய உயிரளவைத் தரவை அழிக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. பணம் காட்டிப் பெற்ற சம்மதம் சட்டம் கேட்கும் சம்மதமாகாது என்பது வழக்கின் முக்கியக் காரணங்களில் ஒன்று.

இது விப்சன் மாதிரியான நேரடிச் சந்தை இல்லை என்பதை அறிவேன். ஆனாலும் தரவுக்கு விலை வைத்த எந்த அமைப்பும் இந்த வரிசையைக் கணக்கில் எடுத்துக்கொண்டாக வேண்டும். 0.05 சென்ட்டுக்கு யாரும் வரிசையில் நிற்கமாட்டார்கள். விலை ஏறும்போதுதான் நிற்பார்கள், அப்போதும் முதலில் நிற்பவர்கள் அந்தப் பணம் இல்லாமல் முடியாதவர்கள். கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், கருவிழியை மாற்ற முடியாது. வறுமையில் இருப்பவரின் அந்தரங்கம் முதலில் சந்தைக்கு வருவது எனக்கு ஏற்கவே முடியாத ஒன்று. அதைத் தடுக்காத எந்தத் தொழில்நுட்பத்தையும் விடுதலை என்று அழைக்க என்னால் இயலாது.

கூட்டாக விற்றால்?

2024 பிப்ரவரியில், இணைய விவாதத் தளமான ரெடிட் தன் பயனர்களின் பதிவுகளைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்காக கூகுளுக்குத் தர, ஆண்டுக்கு சுமார் 6 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்ததாகச் செய்தி வந்தது. பங்குச்சந்தைக்கான அதன் விண்ணப்பத்தில், இத்தகைய ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு 20 கோடியே 30 லட்சம் டாலர் என்றிருந்தது. எழுதியவர்களுக்கு அதில் காசு எதுவும் போகவில்லை.

வானா என்ற திட்டம் அந்த ஏப்ரலில் இதற்குப் பதிலாக ஒரு கூட்டமைப்பைத் தொடங்கியது. பயனர்கள் தங்கள் ரெடிட் பதிவுகளின் பிரதியைச் சட்டப்படி கேட்டு வாங்கி, மறையாக்கி, ஒரே தொகுப்பில் சேர்க்க வேண்டும். தொகுப்பை யாருக்கு, எந்த நிபந்தனையில் தருவது என்று டோக்கன் வைத்திருக்கும் உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். ரெடிட்டுக்கு இது பிடிக்கவில்லை. அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேச அங்கே திறந்திருந்த குழுவை அது தடைசெய்தது.

விப்சன் விட்ட இடத்தைச் சரியாகப் பிடித்த முயற்சி இது என்று நினைக்கிறேன். ஆசெமோக்லு குழு காட்டிய விலைச்சரிவுக்கு மருந்து சேர்ந்து பேரம் பேசுவதுதான். வாங்க ஆள் இருக்கிறது, விலையும் பொதுவெளியில் தெரிகிறது. அப்போதும் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். 2023 இறுதியில் ரெடிட்டை நாள்தோறும் பயன்படுத்தியவர்கள் சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர். கூகுள் தரும் 6 கோடி டாலரை அப்படியே பங்கிட்டால், தலைக்கு ஆண்டுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. காசைவிட, யாருக்குத் தருவது என்று தீர்மானிக்கும் வாக்குதான் இந்தக் கூட்டமைப்பில் மதிப்புள்ள சொத்து. டோக்கன் அதிகம் வைத்திருப்பவருக்கே வாக்கும் அதிகம் என்றால் அந்தச் சொத்தும் கரைந்துபோகும். பிளாக்செயின் கூட்டமைப்புகளை மதிப்பிட நான் முதலில் பார்ப்பது இந்த ஒரு விதியை.

அழிக்க முடியாத பதிவேடும் அழிக்கச் சொல்லும் உரிமையும்

ஐரோப்பியச் சட்டம் அழிக்கும் உரிமை தருகிறது, பிளாக்செயின் எதையும் அழிக்காது. இந்த மோதலைப் பற்றி பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இலேயே வழிகாட்டியது, ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியமும் 2025 ஏப்ரலில் நெறிமுறை வெளியிட்டது. சாரம் எளிது: தனிநபர் தரவைச் சங்கிலியில் ஏற்றாதே, ஹேஷும் சில சூழலில் தனிநபர் தரவாகவே கருதப்படும், சாவியை அழித்துவிடும்படி முன்கூட்டியே வடிவமை. விப்சன் தரவைச் சங்கிலிக்கு வெளியே வைத்தது இந்த வகையில் சரியான முடிவு. ஆனால் 'இந்தக் கணக்கு இந்தக் கோரிக்கைக்குப் பதில் சொன்னது' என்ற பதிவே ஆளைப் பற்றிய செய்திதான். கோரிக்கை நீரிழிவு நோயாளிகளுக்கானது என்றால், பதில் சொன்னவர் யார் என்பதை வேறு சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவில் என்ன நிலை என்று கேட்பவர்களுக்கு: இங்கே சட்டம் வேறு பாதையில் போகிறது. ரிசர்வ் வங்கி 2016-இல் விதி வகுத்து உருவாக்கிய அக்கவுண்ட் அக்ரிகேட்டர் என்ற நிறுவனங்கள் வங்கித் தரவை நம் சம்மதத்தோடு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகின்றன. தாங்கள் சுமக்கும் தரவை அவை படிக்கவோ விற்கவோ கூடாது. பிளாக்செயின் கிடையாது, உரிமமும் கண்காணிப்பும்தான் நம்பிக்கைக்கு அடிப்படை. 2023-இன் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 2025 நவம்பரில் வந்த விதிகளும் இதே போக்கில், நம் சம்மதத்தைக் கொடுக்கவும் திரும்பப் பெறவும் உதவும் சம்மத மேலாளர் என்றொரு அமைப்பை உருவாக்கியிருக்கின்றன. அது குறைந்தது 2 கோடி ரூபாய் நிகர மதிப்புள்ள இந்திய நிறுவனமாக இருக்க வேண்டும், தன் வழியே போகும் தரவை அதனால் படிக்க முடியக்கூடாது.

ஆனால் ஒரு முக்கியமான உரிமை இந்தச் சட்டத்தில் இல்லை. 2019 மசோதாவில் இருந்த, தரவை எடுத்துச் செல்லும் உரிமை 2023 சட்டத்தில் விடுபட்டுவிட்டது. நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்ற சுருக்கத்தைக் கேட்கலாம். வேறிடத்தில் அப்படியே பயன்படுத்தக்கூடிய முழுப் பிரதியை உரிமையாகக் கேட்க முடியாது. ரெடிட் பயனர்கள் செய்தது போல இங்கே உணவு விநியோக ஊழியர்களோ வாடகை கார் ஓட்டுநர்களோ தங்கள் பயணப் பதிவுகளைத் திரட்டி ஒரு கூட்டமைப்பு தொடங்க நினைத்தால், எந்தச் சங்கிலியில் ஏற்றுவது என்ற கேள்விக்கு முன்பே அவர்கள் நின்றுவிடுவார்கள். கூட்டாகப் பேரம் பேச முதலில் அந்தப் பதிவு அவர்கள் கைக்கு வர வேண்டும். அதற்கு வேண்டியது டோக்கன் அல்ல, சட்டத்தில் இன்னும் ஒரு பிரிவு.